பூனைவணங்கியும் பூனையும்

குப்பைமேனி என்னும் பூண்டை அறியாத தமிழர் இலர் எனலாம். வீட்டுக் கொல்லையிலும் தெருவோரத்திலும், எங்கள் ஸ்பிரிங்வெளிப் பகுதியில் லயங்களின் பின்புறத்துக் காய்கறிப் பாத்திகளிலும், யாரும் விதையாமல் தானே முளைத்துத் தானே தழைப்பது அது. குப்பையில் வளர்ந்து மேனியைக் காப்பதால் அப்பெயர் பெற்றது என்று மூத்தோர் சொல்வர். வாகட நூலார் அதற்கு அரிமஞ்சரி, அனந்தம், மேனி எனப் பிற பெயர்களும் கூறுவர். அவற்றுள் என் மனத்தைக் கவர்ந்தது பூனைவணங்கி என்னும் பெயரே.

இலக்கணம் பயில்வோர்க்கு இப்பெயர் ஒரு நல்விருந்து. வணங்கு என்னும் பகுதி இகர விகுதி பெற்று வணங்கி என நின்றது. அவ்விகுதி செய்பவனையும் உணர்த்தும், செய்யப்படுவதையும் உணர்த்தும், கருவியையும் உணர்த்தும். மண்வெட்டி என்பது மண்ணை வெட்டுதற்குக் கருவி. ஊருணி என்பது ஊரவரால் உண்ணப்படும் நீர்நிலை. அதுபோலவே பூனைவணங்கி என்பது பூனையால் வணங்கப்படுவது. இதை அறியாது பூனையை வணங்கும் செடி என்று பொருள் எழுதிய மாணவர் என் வகுப்பில் உளர். அவர்களுக்கு மதிப்பெண் குறைத்தேனாயினும், செடி பூனையைக் கும்பிடும் அக்காட்சியை நினைந்து அன்று மாலை வரை சிரித்துக்கொண்டிருந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் பத்தாந் தர மாணவர்க்குக் காரணப் பெயர்களைக் கற்பித்த வேளையில் இப்பெயரை எடுத்து விளக்கினேன். விளக்கியவன் இலக்கணத்தோடு நின்றிருக்கலாம். நின்றேனில்லை. “தன் உடம்புக்கு நன்மை செய்யும் மூலிகை இது என்பதைப் பூனை தானே உணர்ந்து வணங்குகிறது, நம் முன்னோர் அதைக் கண்டு பெயரிட்டனர்” என்று ஒரு வாக்கியத்தை என் சொந்தப் பொறுப்பிற் சேர்த்துவிட்டேன். அவ்வாக்கியத்துக்கு எந்த நூலும் ஆதாரமன்று. வகுப்பறையில் ஆசிரியன் வாயிலிருந்து அழகாக வரும் சொல் ஆதாரத்தோடு வந்த சொல்லாகவே கொள்ளப்படும் என்பதை அன்று நான் எண்ணவில்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு மாணவன் காலைப் பிரார்த்தனைக்கு முன்பே பாடசாலை வாயிலில் நின்றான். கையில் ஒரு கொழுந்துக்கூடை. அதன் வாய் பழைய சேலைத் துண்டால் மூடப்பட்டிருந்தது. உள்ளே அவர்கள் வீட்டுப் பூனை. அதன் காதோரங்களிலும் கழுத்திலும் சில வாரங்களாகச் சொறி படர்ந்திருந்ததாம். எனது பாடத்தைக் கேட்டவன் வீட்டுக்குச் சென்று குப்பைமேனி இலையை உப்பும் கர்ப்பூரமும் சேர்த்து அரைத்துத் தலை முதல் தோள் வரை அப்பியிருக்கிறான். “சேர், நீங்கதானே சொன்னீங்க அதுக்கு அது நல்லதுன்னு” என்றான். பூனையின் வாயிலிருந்து நுரை வழிந்தது, கால்கள் நடுங்கின, இரவில் பலமுறை வாந்தி எடுத்திருந்தது.

தலைமையாசிரியரிடம் அனுமதி பெற்று, அவனையும் கூடையையும் கூட்டிக்கொண்டு பதுளைக்குப் பஸ்ஸேறினேன். கால்நடை வைத்தியர் கூடையைத் திறந்தவுடனே மூக்கைச் சுளித்தார். “பூசியதைப் பூனை நக்காமல் இருக்குமா, மாஸ்டர்?” என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு கேள்வியில் நான் செய்த பிழை முழுவதும் அடங்கியிருந்தது. வெதுவெதுப்பான நீரும் மென்மையான சவர்க்காரமும் கொண்டு அதை இருமுறை கழுவி, ஊசி மருந்தேற்றி, அன்று மாலை வரை தம் பார்வையில் வைத்திருந்தார். பூனை பிழைத்தது. அதற்குத் துன்பம் விளைத்தது பெரும்பாலும் கர்ப்பூரமாகத்தான் இருக்கும் என்றும், ஆனால் இலையையும் குற்றமற்றதென்று விட்டுவிட வேண்டாம் என்றும் அவர் சொன்னார். அச்சொல்லின் பின்பகுதியே என்னை நூல்களைத் தேட வைத்தது. நம் பழைய மாணவருள் வைத்தியரும் தோட்ட உத்தியோகத்தரும் ஆசிரியரும் பலர் இருத்தலின், தேடியவற்றை இவ்விழா மலரில் எழுதிவைப்பது பயன்படும் என்று கருதினேன்.

முதலில் அந்த வணக்கத்தைப் பற்றிக் கூறுவேன். அது கட்டுக்கதையன்று, எவரும் தம் முற்றத்திலேயே காணத்தக்கது. மண்ணில் நிற்கும் குப்பைமேனியைப் பெரும்பாலான பூனைகள் பொருட்படுத்துவதில்லை. அதை வேரோடு பிடுங்கி வைத்தால்தான் கூத்துத் தொடங்கும். பூனை வேரை மோந்து, கடித்து, கன்னத்தையும் மோவாயையும் அதன்மேல் உரைத்து, முன்னங்கால்களை நீட்டித் தலையைத் தரையோடு தாழ்த்தி, பின் புரண்டு மல்லாந்து கிடக்கும். முன்னங்கால் நீட்டித் தலை தாழ்த்தும் அந்நிலையையே நம்மவர் வணக்கம் என்றனர். பத்து நிமிடமோ கால் மணியோ கழிந்தால் எழுந்து, ஒன்றும் நிகழாததுபோல் நடந்துவிடும்.

காரணம் வேரிலிருக்கும் மணப்பொருள். ஆய்வாளர் சிலர் குப்பைமேனி வேரிலிருந்து பூனையை ஈர்க்கும் பொருளைப் பிரித்தெடுத்து அதன் இரசாயன அமைப்பை வெளியிட்டனர். ஐசோடைஐதரோநெபெற்றலக்டோன் என்பது அதன் பெயர். (பூனைவணங்கி என்று இரண்டெழுத்துச் சொல்லும் நான்கெழுத்துச் சொல்லும் கூட்டி முடித்த நம் முன்னோரின் சிக்கனம் இவ்விடத்திற் புலப்படும்.) இப்பொருள் மேனாட்டுப் பூனைப்பூண்டில் உள்ள நெபெற்றலக்டோன் என்பதன் நெருங்கிய உறவு. மேனாட்டுப் பூண்டு துளசியின் குடும்பத்தது. நம் குப்பைமேனியோ ஆமணக்கின் குடும்பத்தது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு குடும்பங்கள் ஏறக்குறைய ஒரே மணத்தை ஆக்கிக்கொண்டமை வியப்புக்குரியது. மேனாட்டுப் பூண்டின் எண்ணெயிலிருந்து நெபெற்றலக்டோனை 1941ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தார் பிரித்தெடுத்தனர்.

யப்பானியர் மத்ததாபி எனும் ஒரு கொடியைப் பூனைக்குக் கொடுப்பர். அதை வைத்து இவாத்தே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மசாவோ மியசாக்கியும் கூட்டாளரும் நடத்திய ஆய்வு 2021ஆம் ஆண்டு வெளிவந்தது. அம்மணத்தை நுகர்ந்த பூனையின் குருதியில், உடலே இயல்பாகச் சுரக்கும் இன்பமூட்டும் பொருள் ஒன்று மிகுகின்றது. அப்பொருளின் வேலையைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தால் பூனை புரளுவதில்லை. இன்னும் ஒன்று: அம்மணத்தைத் தலையிலும் முகத்திலும் பூசிக்கொண்ட பூனையின்மேல் நுளம்புகள் குறைவாகவே உட்கார்ந்தன. ஆகவே வணக்கம் போலத் தோன்றுவது உண்மையில் பூச்சு. நாம் நெற்றியில் நீறு பூசுவது போல அது முகத்தில் மணம் பூசுகின்றது. விலங்குக் காட்சிச்சாலையிலிருந்த சிறுத்தையும் அவ்வாறே செய்ததாக அவ்வாய்வு கூறும். நமுனுகுலக் காட்டுச் சிறுத்தைக்கு ஒரு குப்பைமேனி வேரை நீட்டிப் பார்க்கும் துணிவு எனக்கில்லை.

எல்லாப் பூனையும் வணங்கும் என்று எண்ணற்க. மேனாட்டுப் பூண்டைப் பொறுத்தவரை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு பூனைகள் சிறிதும் அசைவதில்லை. மூன்று மாதம் நிரம்பாத குட்டிகளும் அப்படியே. இது பெரும்பாலும் பிறப்போடு வரும் இயல்பு. தொல்காப்பிய மரபியல் வெருகின் இளமைப் பெயர் குட்டி என்று சொல்லி நிற்கும். அக்குட்டி எப்போது வணங்கத் தொடங்கும் என்பதை இக்காலத்தார் கண்டு கூறவேண்டியிருந்தது.

இனி, நான் செய்த பிழைக்கு வருவோம். பூனை விரும்புகிறது, ஆகவே அதற்கு நல்லது என்று நான் முடிவு கட்டினேன். விலங்கின் நடத்தையைக் கொண்டு செடியின் குணத்தை அளக்கும் இவ்வழக்கம் நம்மிடையே மிகப் பழையது. அது சிலவேளை மெய்யாகும், சிலவேளை பொய்யாகும். ஆடுதின்னாப்பாளை என்று ஒரு கொடி உண்டு. கண்டதையெல்லாம் மேயும் ஆடும் அதைத் தின்னாது என்பது பெயரின் கருத்து. அக்கொடியில் அரிஸ்ரலோக்கிக் அமிலம் என்னும் பொருள் உளது. அது சிறுநீரகத்தைக் கெடுத்துப் புற்றுநோயையும் விளைப்பது. 1990களில் பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்காக அவ்வினத்துச் செடி கலந்த மருந்தை உண்ட பெண்கள் பலர் சிறுநீரகம் இழந்தனர். ஆட்டின் மறுப்பு அங்கே நல்ல எச்சரிக்கை. மற்றொரு பக்கம், கீரிப்பிள்ளை பாம்போடு பொருதபின் ஒரு பூண்டைத் தின்று நஞ்சை முறிக்கும் என்ற கதை ஊரெல்லாம் வழங்குகிறது. அப்படி ஒரு பூண்டும் இல்லை. கீரியின் தசைகளில் நரம்பின் ஏவலைப் பெறும் இடம் நாகத்தின் நஞ்சு ஒட்டாதவாறு இயல்பிலேயே அமைந்திருக்கிறது; அவ்வளவே.

பூனைவணங்கி இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது. பெயர் கூறும் செய்தி உண்மை. அதிலிருந்து நாம் உய்த்துணர்ந்தது உண்மையன்று. பூனை நாடுவது வேரின் மணத்தை. நாம் பறித்து அரைப்பதோ இலையை. வேரை மோந்து புரளும் பூனை, இலையை ஒரு கிண்ணம் குடிக்கச் சம்மதித்ததாகப் பொருள் கொள்ளலாகாது. மது வாடையை நாடி ஓடும் மனிதனைக் கண்டு மது அவன் ஈரலுக்கு நல்லதென்று எவரும் சொல்லமாட்டார்.

குப்பைமேனிச் செடியில் அக்கலிபின் என்னும் ஒரு பொருள் இருக்கிறது. மரவள்ளிக் கிழங்கில் உள்ளது போன்று, சயனைட்டுப் பகுதியைத் தன்னுள் கொண்ட பொருள் அது. இச்செடியை உண்ட முயல்களின் குருதி சொக்கலேற்று போன்ற கருங்கபில நிறமாக மாறியதும் குடல் புண்பட்டதும் மருந்துச் செடிகளைப் பற்றிய நூல்களிற் பதிவாகியுள்ளன. அந்நிறமாற்றம் சாதாரணமானதன்று. குருதிக்குச் செந்நிறம் தருவது ஈமோகுளோபின். ஒட்சிசனை உடலெங்கும் சுமந்து செல்வதும் அதுவே. அதிலுள்ள இரும்பு தன் நிலை திரிந்தால், ஒட்சிசனைப் பற்றும் ஆற்றலை அது இழந்துவிடும். அப்போது குருதி கருங்கபில நிறங்கொள்ளும். மூச்சு இழுத்தும் உடலுக்கு ஒட்சிசன் சேராது.

முயலுக்கு நேர்ந்தது மனிதருக்கும் நேர்ந்திருக்கிறது. அதுவும் நம் நாட்டிலேயே. சிங்களர் இச்செடியைக் குப்பமேனியா என்பர். (இப்பெயர் எல்லாம் ஒரே ஊற்றுத்தான். மலையாள நாட்டுச் செடிகளைப் பற்றி 17ஆம் நூற்றாண்டில் அம்ஸ்ரடாமில் அச்சான ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ் என்னும் பெருநூலிலும் குப்பமேனி என்றே இது காணப்படும். 1753இல் லின்னேயசு இதற்கு அக்கலிபா இண்டிக்கா என்று பெயர் சூட்டினார்.) சிங்களரும் தமிழரும் இதன் தளிரைக் கீரையாகச் சமைப்பதும் கஞ்சியிற் சேர்ப்பதும் உண்டு. 1994ஆம் ஆண்டில் சிலோன் மெடிக்கல் ஜேர்ணல் என்னும் ஏட்டிலும், 1996ஆம் ஆண்டில் பிறநாட்டு மருத்துவ ஏடு ஒன்றிலும் ஈழத்து வைத்தியர்கள் இதைப் பற்றி எழுதினர். குப்பைமேனி சேர்ந்த இலைக்கஞ்சியை அருந்திய சிலருக்குச் செங்குழியங்கள் திடீரெனச் சிதைந்துபோயின. கண் மஞ்சளித்தது, உடல் வெளிறியது, சிறுநீர் கடுஞ்சாயத் தண்ணீர் நிறத்தில் இறங்கியது. நூற்றுக்கணக்கானோர் உண்ணும் கஞ்சி இவர்களை மட்டும் ஏன் வருத்தியது என்று ஆராய்ந்தபோது, அவர்களின் குருதியில் ஜி-6-பி-டி என்று சுருக்கி வழங்கும் ஒரு நொதியம் குறைவாக இருந்தமை தெரிந்தது.

இந்நொதியம் செங்குழியத்துக்குக் கவசம் போன்றது. உணவிலும் மருந்திலும் உள்ள சில பொருள்கள் செங்குழியத்தைத் துருப்பிடிக்கச் செய்வன. அவற்றைத் தாங்கும் வலிமையை இந்நொதியமே அளிக்கிறது. இது குறைந்தவர் மற்றை நாளெல்லாம் நலமாகவே இருப்பர். தமக்குக் குறையொன்று உண்டென்பதையே அறியார். குறை தாய்வழியாக மகனுக்கு வரும். ஆகவே ஆண்களிடமே மிகுதியாகக் காணப்படும். மலேரியாக் காய்ச்சல் நெடுங்காலம் ஆட்சி செய்த நாடுகளில் இக்குறை பரவலாக உண்டு. ஏனெனில் அது மலேரியாவுக்கு எதிரே ஓரளவு காவலாகவும் அமைந்தது. நம் நாட்டை 1934-35 ஆண்டுகளில் மலேரியா சூறையாடியதை மூத்தோர் மறவார். 2016ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று அறிவித்தது. காய்ச்சல் போய்விட்டது. அதற்கெனக் குருதியில் அமைந்த காவலோ தலைமுறை தலைமுறையாக இன்னும் நம்மிடம் நிற்கிறது. மலேரியாவுக்குக் கொடுத்த பிரிமகுயின் என்னும் மருந்து சிலருக்கு மட்டும் குருதியைச் சிதைத்த காரணத்தை ஆராய்ந்தபோதுதான், 1956இல் இந்நொதியக் குறை முதன்முதல் வெளிப்பட்டது.

பூனையைப் பற்றி எழுதப் புகுந்தவன் மனிதருக்குத் தாவிவிட்டானே என்று நினையற்க. இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. நொதியக் குறையுள்ள மனிதனிடம் செங்குழியம் எவ்வளவு எளிதிற் கெடுமோ, ஏறக்குறைய அவ்வாறே ஒவ்வொரு பூனையிடமும் கெடும். அது நோயன்று, பூனையின் பிறவி அமைப்பு. ஈமோகுளோபின் மூலக்கூறில் துருவுக்கு இலக்காகும் கந்தக முனைகள் மனிதனுக்கு இரண்டு, நாய்க்கு நான்கு, பூனைக்கு எட்டு. கெட்டுப்போன செங்குழியத்தைக் குருதியிலிருந்து விலக்குவது மண்ணீரலின் வேலை. பூனையின் மண்ணீரல் அவ்வேலையில் மந்தம். இவ்விரண்டுக்கும் மேலாக, நஞ்சை மாற்றி வெளியேற்றும் ஈரலின் வழிகளுள் முக்கியமான ஒன்று பூனைக்கு மிகக் குறைவு. காலங்காலமாக ஊனை மட்டும் உண்டு வாழ்ந்த இனத்துக்குச் செடியின் நஞ்சுகளைச் சமாளிக்கும் கருவிகள் தேவைப்படவில்லை போலும்.

இதை உணர்ந்தால், வைத்தியர்கள் சொல்லும் பல விலக்குகள் ஒரே நூலிற் கோத்தவையாகத் தெரியும். வெங்காயமும் வெள்ளைப்பூண்டும் பூனைக்கு ஆகா. ஒரு கிலோ எடைக்கு ஐந்து கிராம் வெங்காயமே அதன் குருதியைக் கெடுக்கப் போதுமானது. நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு அது இருபது கிராம். அஃதாவது இரண்டு மூன்று சின்ன வெங்காயம். பச்சையாயினும் வதக்கினாலும் பொடித்தாலும் தன்மை மாறாது. மீன்குழம்பு ஊற்றிப் பிசைந்த சோற்றை நாம் அன்போடு வைக்கிறோம். குழம்பில் வெங்காயம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. அலுமாரியில் போடும் அந்துருண்டை இன்னொன்று. எல்லாவற்றிலும் கொடியது பரசிற்றமோல். குழந்தைக்குக் காய்ச்சலடித்தால் கால் மாத்திரையும் அரை மாத்திரையும் கொடுத்துப் பழகிய கை, பூனை சுருண்டு படுத்தாலும் அதையே நீட்டும். ஐந்நூறு மில்லிகிராம் மாத்திரை ஒன்று ஒரு பூனையைக் கொல்ல வல்லது. நொதியக் குறையுள்ள மனிதரையும் இந்த அந்துருண்டை பெரிதும் வருத்தும் என்பது நினைக்கத்தக்கது.

ஆதலின் குப்பைமேனி இலைச்சாற்றைப் பூனைக்குப் புகட்டுதலும், இலையை அரைத்து அதன் உடம்பில் அப்புதலும் கூடா என்பதே என் துணிபு. மனிதருக்குச் சொறி சிரங்குக்கு அதைப் பூசுவது நம் வழக்கம். மனிதன் தன் தோளை நக்குவதில்லை. பூனையோ விழித்திருக்கும் நேரத்தின் நல்லதொரு பகுதியைத் தன் மயிரை நக்கித் துப்புரவு செய்வதிற் கழிக்கும். அதன் தோலிற் பூசியது எதுவாயினும் அரைமணி நேரத்தில் அதன் வயிற்றில் இருக்கும். வேப்பெண்ணெய், கர்ப்பூரத் தைலம், யூக்கலிப்ரஸ் தைலம், கராம்புத் தைலம் ஆகிய எல்லாவற்றுக்கும் இதுவே விதி. தலைவலிக்கு நாம் தேய்க்கும் தைலத்தின் கையோடு பூனையைத் தடவுவதும் நன்றன்று. பூனையின் சொறிக்குக் காரணம் கண்ணுக்குப் புலப்படாத ஒரு சிற்றுண்ணி. அதற்கு நல்ல மருந்து வைத்தியரிடம் உண்டு. எடை பார்த்து அளந்து கொடுப்பார்.

தவறிப் பூசிவிட்டாலோ தின்றுவிட்டாலோ செய்ய வேண்டியது அதிகமில்லை. பூசியதை உடனே வெதுவெதுப்பான நீரும் சவர்க்காரமும் கொண்டு கழுவித் துடைத்து, நக்க முடியாதவாறு ஒரு துணியிற் சுற்றவேண்டும். வாந்தி வருவிக்க உப்புநீர் கொடுப்பது பெருந்தீங்கு. பாலும் மருந்தாகாது, பாற்கடலை நக்கப் புகுந்த பூனையைக் கம்பர் அவையடக்கத்திற் கூறினாரேனும், வளர்ந்த பூனைகளுட் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை. ஈறு வெளுத்தாலோ கபில நிறமானாலோ, மூச்சு இரைத்தாலோ, சிறுநீர் சாயத்தண்ணீராக இறங்கினாலோ காலந்தாழ்த்தாமல் வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும். செடியின் ஒரு கொப்பையும் உடன் எடுத்துச் செல்க. பெயரைவிட இலை நன்றாகப் பேசும்.

ஏனெனில் பெயர்கள் நம்மை மயக்குவன. பூனை என்ற சொல் தாங்கிய செடிகள் பல. பூனைமீசை துளசியின் உறவு. அதன் பூவின் நீண்ட இழைகளைக் கண்டு இட்ட பெயர். பூனைக்காலி ஒரு கொடி. அதன் காயின் சுணை மேலிற் பட்டால் பூனையாயினும் மனிதனாயினும் தினவு தாங்க முடியாது. துரை பங்களாத் தோட்டங்களில் செந்நிற வால்களைத் தொங்கவிட்டு நிற்கும் பூனைவால் என்பது குப்பைமேனிக்குத் தங்கை முறை. ஆயினும் வணக்கம் அதற்குரியதன்று. குப்பைமேனியை அறிய ஒரு வழி சொல்வேன். செடியின் நேர்மேலே நின்று நோக்குக. இலைகள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல், கீழிலையின் காம்பு நீண்டும் மேலிலையின் காம்பு குறுகியும், ஒவ்வொன்றும் தனக்குரிய வெயிலைப் பெறுமாறு பாய் விரித்தாற்போல அமைந்திருக்கும். விளிம்பு வாள்போல் பல்லுடையது. இலைக்கக்கத்திலிருந்து எழும் கதிரில் சிறு கிண்ணம் போன்ற பச்சை மடல்கள் பெண்பூவை ஏந்தி நிற்கும். பாடப்புத்தகத்தை மூடிவிட்டு மாணவரைக் கொல்லைக்கு அழைத்துச் சென்று காட்டத்தக்க செடி இது.

மற்றைக் கொல்லைச் செடிகளைப் பற்றி ஓரிரு சொல். துளசி மாடத்தைச் சுற்றிப் பூனை உலவினால் அஞ்ச வேண்டியதில்லை. ஒன்றிரண்டு இலை அதைத் துன்புறுத்தாது. கர்ப்பூரவள்ளியை மிகத் தின்றால் வாந்தியும் கழிச்சலும் காணும். கற்றாழையும் அவ்வாறே. கார்த்திகைப்பூவின் கிழங்கு பூனைக்கு மட்டுமன்று, எவ்வுயிருக்கும் எமன். பூனைக்கெனவே அமைந்த எமன் ஒன்றுண்டு: பங்களாத் தோட்டங்களிலும் தேவாலய முன்றில்களிலும் வெண்ணிற எக்காளம்போல் மலரும் லில்லி. அதன் இலையைச் சிறிது கடித்தாலும், மயிரிற் படிந்த மகரந்தத்தை நக்கினாலும், மூன்று நாளுக்குள் பூனையின் சிறுநீரகம் செயலிழந்துபோகும். நாய்க்கு அது அத்துணைத் தீங்கு செய்வதில்லை. வீட்டில் பூனை வளர்ப்போர் அம்மலரைச் சாடியில் வைக்காதிருத்தல் வேண்டும்.

குப்பைமேனியைக் கொல்லையிலிருந்து ஒழிக்கவேண்டுமோ என்று சிலர் என்னைக் கேட்டதுண்டு. வேண்டா. நிற்கும் செடி பூனையை இழுப்பதில்லை. பிடுங்கிய வேரே இழுக்கும். பூனை வேரை மோந்து சிறிது கடித்துப் புரளுமாயின், அவ்வளவில் மகிழ்ந்து போகட்டும். செடி முழுவதையும் தின்ன மட்டும் விடலாகாது. தேயிலை மலைக்குள்ளோ கான் ஓரத்திலோ முளைத்த செடியாயின், அவ்விடத்தில் புல்மருந்து தெளித்திருக்கலாம் என்பதை நினைவிற் கொள்க. அதை வீட்டிற்குக் கொண்டுவருதல் பூனைக்கும் ஆகாது, கஞ்சிக்கும் ஆகாது.

கஞ்சியைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். இலைக்கஞ்சி நல்லுணவு. வல்லாரை, முருங்கை, முசுமுசுக்கை, ஹாத்தாவாரி என எத்தனையோ இலைகள் அதற்கு உள. குழந்தையாக இருந்தபோது கடும் மஞ்சட்காமாலை கண்டவர், மாத்திரை உண்டபின் சிறுநீர் கறுத்தவர், தாய்மாமனுக்கு அவ்வாறு நேர்ந்ததென்று கேள்விப்பட்டவர் ஆகியோர் மட்டும் அதிற் குப்பைமேனி சேர்ப்பதைத் தவிர்த்து, வைத்தியரிடம் ஜி-6-பி-டி சோதனையைக் கேட்டுச் செய்துகொள்வது நலம். குருதிச் சோதனை ஒன்றால் தெரிந்துவிடும் செய்தி இது. பூனையின் பொருட்டு இதைத் தேடத் தொடங்கிய நான், என் வகுப்புப் பிள்ளைகளின் பொருட்டு இதைப் பெற்றோர் கூட்டத்தில் இருமுறை சொல்லியிருக்கிறேன். இரண்டாம் முறை ஒரு தாய் எழுந்து, தன் மகனுக்குச் சிறுவயதில் அந்துருண்டை வைத்த சட்டையை உடுத்தியபின் கண் மஞ்சளித்ததாகக் கூறினார். அவனைச் சோதனைக்கு அனுப்பினோம். குறை இருந்தது. இப்போது அவனுடைய பாடசாலைக் குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் அது சிவப்பு மையால் எழுதப்பட்டிருக்கிறது.

கூடையிற் சென்று வந்த பூனை இன்றும் இருக்கிறது. சொறி ஒரு மாதத்தில் ஆறிவிட்டது; காது மயிர் மட்டும் சிறிது குறை. பாத்தியில் களை பிடுங்கும் நாளில் குப்பைமேனி வேரைத் தேடி அது வந்துவிடுகிறதாம். அம்மாணவன் வேர்களை மட்டும் அதற்கென ஒருபுறம் எடுத்துப் போட்டுவிட்டு, இலைகளை எருக்குழியில் தள்ளி மண்ணிட்டு மூடுகிறான். காரணப் பெயர்ப் பாடத்தை நான் இன்றும் பூனைவணங்கியைக் கொண்டே நடத்துகிறேன். ஊருணிக்கு அடுத்தபடியாக அதைக் கரும்பலகையில் எழுதி, விகுதி பிரித்துக் காட்டி, அவ்வளவில் நிறுத்திக்கொள்கிறேன்.